படகில் ஒரு பீரோ

தூங்குவதற்காகவே டிக்கெட் வாங்கிச் சினிமாவுக்குப் போகிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். டயாலிசிஸ் வார்டு சிஸ்டர் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாள். அதில் அவளுக்கு வெட்கமும் இல்லை, ஒளிவுமறைவும் இல்லை. யாராவது கேட்டால், "வீட்டுல தூங்க விட்டா நான் ஏங்க அங்க போறேன்?" என்பாள். நியாயமான கேள்விதான்.

விடிவதற்கு முன்பே அவளுக்கு வேலை தொடங்கிவிடும். முதல் நோயாளியின் கையில் ஊசி ஏறும்போது வெளியே தெருவிளக்கு அணைந்திருக்காது. டூட்டி முடிந்து மதியம் வீட்டுக்கு வந்தால், பக்கத்துக் கடையில் கிரானைட் அறுத்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சத்தத்தையும் மீறி மாமியார் டிவி பார்ப்பார். டிவியையும் மீறிக் கொழுந்தனாரின் இரட்டைப் பிள்ளைகள் சண்டை போடும். கணவர் நல்ல மனிதர்தான். ஒருநாள் கல் கடைக்காரரிடம் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வருகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனவர், சமையலறை மேடைக்கு மலிவாக ஒரு கல் விலை பேசி முடித்துவிட்டுச் சிரித்தபடி திரும்பி வந்தார். அதற்குப் பிறகு சிஸ்டர் யாரையும் நம்பவில்லை.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி, டயர் கடைக்கு மேல்மாடியில் அந்தத் தியேட்டர் இருந்தது. ஒரு காலத்தில் காகிதக் கிடங்காக இருந்த இடம். தியேட்டரை நடத்துகிற அண்ணன் வாசலில் நின்று டிக்கெட்டைக் கிழிப்பார். அவர் மனைவி கூண்டுக்குள் உட்கார்ந்து டிக்கெட் கொடுப்பார். மூடிப்போன மூன்று கொட்டகைகளில் இருந்து வாங்கி வந்த நாற்காலிகள் என்பதால் வரிசைக்கு ஒரு நிறம், வரிசைக்கு ஒரு முனகல். பெரிய கொட்டகைகள் சீந்தாத படங்கள்தான் அங்கே ஓடும். எந்தெந்த நாட்டுப் படமோ, எந்தெந்த மொழியோ, கீழே எழுத்து ஓடிக்கொண்டிருக்கும். படம் தொடங்குமுன் அண்ணன் திரைக்கு முன்னால் வந்து நின்று, இது எங்கிருந்து வருகிறது, எப்படிக் கிடைத்தது என்று இரண்டு நிமிடம் சொல்வார். கதையை மட்டும் தலைகீழாக நின்று கேட்டாலும் சொல்லமாட்டார். "அது உங்களுக்கும் அதுக்கும் நடுவுல. நான் யாரு?" என்று விளக்கை அணைக்கப் போய்விடுவார்.

முதல் தடவை போனபோது சிஸ்டர் என்ன படம் என்றுகூடப் பார்க்கவில்லை. "ஏ.சி. இருக்கா அண்ணி?" என்றுதான் கூண்டுக்குள் கேட்டாள்.

"இருக்கு. கூடவே படமும் இருக்கு" என்றார் அண்ணி.

நாலைந்து தடவை ஆனதும் அண்ணனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வேறு யாராவது என்றால் கோபப்பட்டிருப்பார்கள். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "குறட்டை விடுவீங்களா சிஸ்டர்?"

"தெரியலையே அண்ணே. அந்த நேரத்துல நான் முழிச்சிருந்தா கேட்டுச் சொல்லியிருப்பேன்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கடைசி வரிசையில் சுவர் ஓரத்து இருக்கை, ஸ்பீக்கரின் சத்தம் கொஞ்சம் குறைவாக விழுகிற இடம், அன்றிலிருந்து அவளுக்கென்றே ஆயிற்று.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். விளக்கு அணைந்ததும் அவள் தூங்கிவிடுவதில்லை. படத்தின் முதல் கால்மணி நேரம் அவளுக்குக் கண் இமைக்க மனம் வராது. மங்கல் வெளிச்சத்தில் எல்லோருடைய பேச்சும் அடங்கும். பின்சுவரின் சிறு துவாரத்திலிருந்து ஒளி கிளம்பித் தலைகளுக்கு மேலாகப் போகும். அந்த ஒளியில் தூசி மிதக்கும். அது போய் விழுகிற இடத்தில், சற்றுமுன் சும்மா ஒரு சுவராக இருந்த இடத்தில், ஒரு மலை இருக்கும். யாரோ ஒரு பெண் விறகு உடைத்துக்கொண்டிருப்பாள். இவளுக்குத் தெரியாத பாஷையில் அவள் யாரையோ திட்டுவாள், அந்தத் திட்டு இவளுக்கு அப்படியே புரியும். எத்தனை தடவை பார்த்தாலும் சிஸ்டருக்கு இது எப்படி நடக்கிறது என்று விளங்கவில்லை. ஒரு டயர் கடையின் தலைக்கு மேலே முன்பின் தெரியாத ஒரு முப்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மலை அவர்களைத் தேடி வருகிறது. அவளுக்கு மயிர்க்கூச்செறியும். அந்தப் பிரமிப்போடுதான், தாய் மடியில் கிடக்கிற குழந்தை மாதிரி, அவள் தூங்கிப்போவாள். பாதித் தூக்கத்தில் எல்லோரும் சேர்ந்து சிரிப்பது காதில் விழும். ஏன் என்று தெரியாமலே அவளும் சிரிப்பாள்.

இப்படியாக அவளுக்கு எக்கச்சக்கமான படங்களின் ஆரம்பம் தெரியும். ஒரு படத்தின் முடிவும் தெரியாது.

டயாலிசிஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு, உடம்பின் ரத்தத்தை ஒரு குழாய் வழியாக வெளியே எடுத்து, மிஷினில் சுத்தம் செய்து, இன்னொரு குழாய் வழியாகத் திருப்பி அனுப்புவது. ஒன்று விட்டு ஒருநாள் வர வேண்டும். வந்தால் நாலு மணி நேரம் படுத்த படுக்கை. ஒரு கையை அசைக்கக் கூடாது. குளிரும், கால் சுருட்டி இழுக்கும், எல்லாவற்றையும் விடப் பொழுது போகாது. அதனால் சிஸ்டர் படக்கதை சொல்ல ஆரம்பித்தாள். ஆரம்பத்தைப் பார்த்தது பார்த்தபடி சொல்வாள். தூங்கிப்போன இடம் வந்ததும் சொந்தச் சரக்கை அவிழ்த்துவிடுவாள். கெட்டவன் திருந்துவான், தொலைந்தவன் திரும்பி வருவான். வார்டு முழுக்க வாயைப் பிளந்து கேட்கும்.

அப்படிக் கேட்காத ஒரே ஆள் ஜன்னலோரப் படுக்கை கோர்ட்டம்மா. அவர் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சிகள் சொல்லச் சொல்ல டைப் அடித்தே ஒரு ஆயுளைக் கழித்தவர் காதில் பூ சுற்ற முடியுமா? கண்ணை மூடிக்கொண்டுதான் கிடப்பார். ஆனால் ஒரு சொல் தவறாமல் காதில் வாங்குவார்.

ஒருநாள் சிஸ்டர் அற்புதமான கதை ஒன்றைச் சொன்னாள். உப்பளத்தில் வேலை செய்கிற ஒரு சிறுமி, அப்பனைக் காணவில்லை, வெயிலில் வெள்ளை வெளேர் என்று உப்பு. அந்தச் சிறுமிதான் பிறகு படித்துப் பெரிய ஆளாகி, பனி கொட்டுகிற ஒரு ரயில் நிலையத்தில் போலீஸ் அதிகாரியாகி, ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்து அழுகிறாள். "அப்பாவைக் கண்டுபிடிச்சிட்டா போல" என்று சிஸ்டரே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த உப்பளத்துப் பொண்ணுக்குக் கன்னத்துல பெரிய மச்சம்னு சொன்னே" என்று ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது. "போலீஸம்மாவுக்கு மச்சம் இருந்துச்சா?"

சிஸ்டர் யோசித்தாள். "இல்லையேம்மா."

"முகஜாடை?"

"ஜாடையும்... கொஞ்சம் வேற மாதிரிதான் இருந்துச்சு."

"அந்தத் தியேட்டர்ல ஒரே டிக்கெட்டுக்கு ரெண்டு படம் போடுறது உண்டா?"

சிஸ்டருக்குச் சுரீர் என்றது. வாரத்தில் ஒருநாள் அப்படி உண்டு. முதல் படம் முடிந்ததும் தெரியாமல், இரண்டாவது தொடங்கியதும் தெரியாமல் நடுவில் அவள் தூங்கித் தொலைத்திருக்கிறாள். இரண்டு நாட்டுப் படங்களைச் சேர்த்துத் தைத்து ஒரே பெண்ணாக்கி, அவளுக்காக அழுதும் இருக்கிறாள்.

குட்டு உடைந்துவிட்டது. வார்டே குலுங்கிச் சிரித்தது. கோர்ட்டம்மா சிரித்ததை அன்றுதான் முதன்முதலில் பார்த்தார்கள். ஊசி இருந்த கை ஆட, மிஷின் கத்த ஆரம்பித்துவிட்டது. சிஸ்டர் ஓடிப்போய் அலாரத்தை நிறுத்தினாள்.

"பொய் சொன்னதுக்கு மன்னிச்சிடுங்கம்மா."

"பொய் எனக்குப் பழக்கம்தான், கோர்ட்ல தினம் கேட்டிருக்கேன். முடிவு தெரியாம விடறதுதான் பிடிக்காது. சாட்சி சொல்றதை நான் அடிப்பேன். தீர்ப்பு வர்றப்போ என்னை வேற கோர்ட்டுக்கு மாத்தியிருப்பாங்க. பாதி வழக்குல என்ன ஆச்சுன்னே எனக்குத் தெரியாது."

அதற்குப் பின் சில வாரங்கள் கழித்து, எடை பார்க்கிற மிஷின் மேல் நின்றபடி, காய்கறி விலை சொல்வது போல அவர் அதைச் சொன்னார். "டாக்டர்கிட்ட பேசிட்டேன் சிஸ்டர். இந்த மாசக் கடைசியோட நிறுத்திக்கப் போறேன்."

எதை என்று சிஸ்டர் கேட்கவில்லை. டயாலிசிஸை நிறுத்தினால் ஒரு வாரம். மிஞ்சிப் போனால் இரண்டு வாரம்.  டாக்டர் பேசிப் பார்த்திருந்தார். வெளிநாட்டிலிருந்த மகன் போனில் அழுதிருந்தார். கோர்ட்டம்மா அசையவில்லை.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

"வலியெல்லாம் இல்லை. அலுப்பு. நாளைக்கு என்ன ஆகும்னு மனுஷனுக்கு ஒரு ஆவல் இருக்கணும்ல? எனக்குத்தான் தெரியுமே. ஒருநாள் இங்க வந்து படுப்பேன். மறுநாள் வீட்டுல போய்ப் படுப்பேன். வேற ஒண்ணும் வரப்போறதில்லை."

 சிஸ்டர் படித்த நர்சிங் படிப்பில் இதற்கு மருந்து சொல்லித் தரவில்லை. அன்றைக்குத் தியேட்டரில் அவளுக்கு முதல் தடவையாகத் தூக்கம் வர வெகுநேரம் ஆயிற்று.

அப்படி விழித்துக் கிடந்ததால்தான் அந்தப் படத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள். அடுத்த முறை கோர்ட்டம்மா வந்து படுத்ததும், கேட்காமலே சொல்லத் தொடங்கினாள். "கடலும்மா. கண்ணுக்கு எட்டுன வரைக்கும் கடல். ஒரே ஒரு படகு. கோட்டு போட்ட ஒல்லி மனுஷன் ஒருத்தர் துடுப்பு போடுறாரு. படகுல வேற ஒண்ணும் இல்லை. ஒரு பீரோ. நம்ம வீட்டுல இருக்குமே, கண்ணாடி வச்ச மர பீரோ. அதை நிக்க வச்சு, கயித்தால கட்டியிருக்காரு. கண்ணாடியில வானம் தெரியுது. ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் டொக் டொக்னு ஒரு சத்தம்."

"என்ன சத்தம்?"

"பீரோவுக்குள்ள இருந்து யாரோ தட்டுறாங்கம்மா. அந்த மனுஷன் திரும்பிக்கூடப் பார்க்கலை. 'இன்னும் கொஞ்ச தூரம்தான்'னு சொல்லிட்டுத் துடுப்பு போடுறாரு."

கோர்ட்டம்மா கண்ணைத் திறந்தார். "உள்ள யாரு?"

"தெரியலைம்மா. தூங்கிட்டேன்."

"அடிப்பாவி!" என்று எழுந்து உட்காரப் போனவரைச் சிஸ்டர் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தாள். "இன்னிக்குப் போய் ஒழுங்கா முழுசாப் பார்த்துட்டு வா."

"இன்னிக்கு வேற படம்மா. நாளைக்கு மதியம் ஒரே ஒரு ஷோ இருக்கு. அதோட போயிடும்." சொல்லும்போதே சிஸ்டருக்கு அந்த யோசனை வந்துவிட்டது. வாய் முந்திக்கொண்டது. "நாளைக்கு உங்களுக்கு இங்க வேலை இல்லையே. நீங்களே வாங்களேன்."

"படி ஏற என்னால ஆகாது."

"நீங்க ஏன் ஏறணும்?"

மறுநாள் டயர் கடை ஆட்கள் நாலு பேர் கோர்ட்டம்மாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து மாடிக்குத் தூக்கிப் போனார்கள். லாரி டயரையே அநாயாசமாகத் தூக்குகிறவர்களுக்கு அவர் ஒரு பொருட்டா? அவர்தான் வழியெல்லாம், "பார்த்து, பார்த்து! சுவத்துல இடிக்காதே!" என்று அதட்டிக்கொண்டு போனார். அண்ணன் வாசலில் டிக்கெட்டைக் கிழித்து, பாதியை மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினார். சிஸ்டர் அன்று இரண்டு டம்ளர் காபி குடித்துவிட்டு வந்திருந்தாள். செத்தாலும் தூங்குவதில்லை என்று தீர்மானம்.

விளக்கு மங்கியது. கோர்ட்டம்மா, "இவ்வளவு சின்ன இடமா?" என்று முணுமுணுத்தார். அவ்வளவுதான், அடுத்த வார்த்தை வரவில்லை. சுவர் போய்க் கடல் வந்துவிட்டது.

சிஸ்டர் திரையைப் பார்க்கவில்லை. பக்கத்து முகத்தைப் பார்த்தாள். வருஷக்கணக்காக டியூப்லைட்டின் கீழே பார்த்த முகம். எந்தச் சுருக்கம் எங்கே என்று அவளுக்கு மனப்பாடம். அந்த முகத்தின் மேல் இப்போது கடலின் வெளிச்சம் ஏறி இறங்கியது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணுக்குள் குட்டியாக ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. ஒரு மனுஷியின் முகத்தில் இத்தனை இடம் இருக்கிறதா என்று சிஸ்டர் பார்த்துக்கொண்டே இருந்தாள். முன் வரிசைகளில் தலைகள் அசையாமல் இருந்தன. யாரும் யாருக்கும் உறவில்லை. ஆனால் பீரோவுக்குள்ளிருந்து முதல் தட்டு கேட்டபோது எல்லோர் மூச்சும் ஒன்றாக நின்றது. அவளுக்கு அந்த இடத்தைக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

கோர்ட்டம்மா இருட்டில் துழாவி அவள் கையைப் பிடித்தார். அவர் பிடித்தது, ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கிற கையால். அந்தக் கையைத் தொட்டால் தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுவது மடியில் படுத்த பூனை போல உறுமும். சிஸ்டர் அதன் மேல் விரலை வைத்துக்கொண்டாள். படகு ஒரு பாறையை நெருங்கியது. கோட்டுக்காரர் கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்த உறுமல் விரலில் சீராக ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு டம்ளர் காபியும் தோற்றுப்போயின.

அவள் கண் விழித்தபோது விளக்குகள் எரிந்தன. பக்கத்து நாற்காலி காலி. அண்ணன் கூட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா அப்பவே போயிட்டாங்க சிஸ்டர். நம்ம கீழ்க்கடை ஆளுங்கதான் இறக்கி வண்டி ஏத்திவிட்டாங்க. உங்களை எழுப்பக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"படத்தைப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?"

"ஒரு வார்த்தை பேசலை. லைட் போட்டப்புறமும் திரையையே பார்த்துக்கிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாங்க."

"அண்ணே, பீரோவுக்குள்ள யாருண்ணே?"

"என்னைப் பத்தித் தெரிஞ்சும் கேக்கறீங்களே" என்றார் அண்ணன்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சிஸ்டர் தன்னைத்தானே நொந்துகொண்டாள். தூங்கினதுகூடப் பெரிதில்லை. முடிவு தெரியாமல் தவித்த ஒரு மனுஷிக்கு, தானே வலிய அழைத்துப்போய் முடிவைக் காட்டிவிட்டாள். கேட்ட தீர்ப்பு கையில் கிடைத்துவிட்டது. இனி எதற்காக அவர் வர வேண்டும்? மாசக் கடைசி வரைகூடக் காத்திருக்க வேண்டாமே. நல்லது செய்யப் போய் நானே குழி பறித்துவிட்டேனே என்று நினைத்தபடியே வீடு வந்து சேர்ந்தாள். அன்றிரவு கல் கடை மூடியிருந்தும், டிவி அணைந்திருந்தும் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

விடிகாலையில் மற்றப் படுக்கைகள் நிரம்பின. மிஷின்கள் ஓடத் தொடங்கின. ஜன்னலோரப் படுக்கையில் விரிப்பு மடிப்புக் கலையாமல் கிடந்தது. சிஸ்டர் அந்த மிஷினையும் தயார் செய்து வைத்தாள். போன் அடித்துப் பார்த்தாள், எடுப்பாரில்லை. டாக்டர் வந்து காலிப் படுக்கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அடுத்த படுக்கைக்குப் போனார். யாரும் கதை கேட்கவில்லை. வார்டு அவ்வளவு அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை.

விடிந்து வெயில் ஜன்னலுக்குள் வந்த பிறகு, வராந்தாவில் ஒரு குரல் எழுந்தது. "ஒரு வண்டிக்காரன் வரமாட்டேங்கிறான். வந்தவனும் ஊரைச் சுத்திக் கூட்டிட்டு வர்றான். இவனுங்களை எல்லாம் கோர்ட்ல ஏத்தணும்!"

சிஸ்டர் ஜன்னலோரப் படுக்கையின் விரிப்பை இன்னொரு தடவை நீவிவிட்டாள்.  கோர்ட்டம்மா தானாகவே எடை மிஷின் மேல் ஏறி இறங்கி, தன் படுக்கையில் வந்து படுத்து, கையை நீட்டினார். ஊசி ஏறி, ரத்தம் குழாயில் ஓடத் தொடங்கியது.

"எதுவரைக்கும் பார்த்தே?" என்று கேட்டார் கோர்ட்டம்மா.

"பாறைகிட்ட வந்தாங்கம்மா. சாவியைத் தொட்டுப் பார்த்தாரு."

"அவ்வளவுதானா? சரி, அங்கிருந்து சொல்றேன். குறுக்க பேசாதே."

அவர் சொன்னார். சாட்சி சொல்வதைப் போல, நடந்ததை நடந்தபடி, ஒன்றைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். கடல் எந்த நிறத்தில் மாறியது, கோட்டில் எத்தனை பொத்தான் அறுந்திருந்தது, தட்டுகிற சத்தம் எப்போது நின்றது, நின்றதும் அந்த மனுஷனின் முகம் எப்படிப் போனது என்று எல்லாம் வந்தது. பக்கத்துப் படுக்கைக்காரர் கால் சுருட்டி இழுப்பதைக்கூட மறந்து கேட்டார். சிஸ்டர் ரத்த அழுத்தம் பார்க்கப் போன இடத்திலெல்லாம் காதை இங்கேயே விட்டுவிட்டுப் போனாள். பாறை மேல் பீரோ ஏறியது. கயிறு அவிழ்ந்தது. சாவி பூட்டுக்குள் போனது.

மிஷின் பீப் என்றது. நேரம் முடிந்துவிட்டது.

"அவ்வளவுதான் இன்னிக்கு" என்றார் கோர்ட்டம்மா.

"அம்மா! திறந்தாரா இல்லையா?"

"மீதி நாளை மறுநாள்."

சிஸ்டர் ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தினாள். கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. "மாசக் கடைசின்னு சொன்னீங்களேம்மா?"

"மாசக் கடைசிக்குள்ள இந்தப் பீரோவை முடிச்சிடலாம்." கோர்ட்டம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "அடுத்த வாரம் ஏதோ மலைநாட்டுப் படமாம், அந்த அண்ணன் சொன்னாரு. நீ அதுலயும் தூங்கத்தானே போறே? யாராவது ஒருத்தர் முழிச்சிருக்க வேணாமா?"

சிஸ்டருக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. வார்டில் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை.

"அழறதை அப்புறம் அழு" என்று அதட்டினார் கோர்ட்டம்மா. "பஞ்சை நல்லா அழுத்திப் பிடி. ரத்தம் வருது பார்."